படையெடுப்புக் கதைகளை எழுதும்போது நெல்லைச் சீமையில் நாம் செய்யும் தவறுகள்

நெல்லைச் சீமையில் இப்போது ஊருக்கு ஊர் வரலாறு எழுதுகிறார்கள். கொடைவிழா மலர், கோயில் புத்தகம், வாட்ஸ்அப் பதிவு, யூடியூப் காணொளி என்று எதைத் திறந்தாலும் ஒரு பாளையக்காரர், ஒரு கும்பினிப் படை (கிழக்கிந்தியக் கம்பெனியின் படை), எரிந்துபோன ஓர் ஊர். நல்ல விஷயம்தான். ஆனால் படைக்காரர்கள் குடிமக்களை என்ன செய்தார்கள் என்ற இடம் வந்ததும் பலருக்குக் கை தடுமாறிவிடுகிறது. கேட்டதை எல்லாம் அப்படியே எழுதுகிறார்கள், அல்லது "ஆதாரம் எங்கே?" என்று ஒரே கேள்வியில் தூக்கி எறிகிறார்கள்.

1755-ஐ எடுத்துக்கொள்வோம். கர்னல் ஹெரான் தலைமையில் கும்பினிப் படை மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வந்தது. ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கான் உடன் வந்தார். சிப்பாய்களை நடத்தியவர் யூசுப்கான், அதாவது நம் மருதநாயகம். அந்தப் படையெடுப்பில் ஒரு கோட்டைக்குள் புகுந்த படை ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் வெட்டியது; உள்ளே இருந்த 400 பேரில் உயிரோடு தப்பியவர்கள் 6 பேர். இதை எழுதியவர் ராபர்ட் ஆர்ம், கும்பினியின் ஆளேதான்.

இந்த ஒரு செய்தியை வைத்தே எத்தனை விதமாகத் தவறு செய்யலாம் என்று பாருங்கள். முதலாவது, பிரதிகளைச் சாட்சிகளாக எண்ணுவது. "ஆர்ம் சொல்கிறார், கால்டுவெல்லும் சொல்கிறார், இன்னும் நாலு நூல்களில் இருக்கிறது" என்று அடுக்குவார்கள். கால்டுவெல் தன் திருநெல்வேலி சரித்திரத்தை வெளியிட்டது 1881-ல். இந்தப் பகுதிக்கு அவர் கையில் இருந்தது ஆர்மின் எழுத்து. மற்றவர்கள் கால்டுவெல்லைப் பார்த்து எழுதினார்கள். ஆக, இருப்பது ஒரே சாட்சி. அந்த ஆர்மும் கோட்டை வாசலில் நின்று பார்த்தவர் அல்ல. அப்போது சென்னையில் கும்பினியின் ஆலோசனைச் சபையில் இருந்தார். அவருடைய முதல் தொகுதி அச்சானது 1763-ல்.

சரி, அப்படியானால் தள்ளிவிடலாமா? கூடாது. எதிரியைக் குற்றம் சொல்கிறவனின் பேச்சைவிட, சொந்தத் தரப்பைக் குற்றம் சொல்கிறவனின் பேச்சுக்கு எடை அதிகம். இந்தக் கொடுமையில் முன்நின்றவர்கள் திருச்சிராப்பள்ளிப் போரில் பேர் வாங்கிய வீரமான ஆங்கிலேயர்கள் என்று ஆர்ம் வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறார். வீரனிடம் கொடூரம் இருக்காது என்ற பொது நம்பிக்கையையும் மறுக்கிறார். 400 என்ற எண்ணைக் கொஞ்சம் தள்ளிவைத்தே பார்க்கலாம், யாரும் தலைகளை எண்ணிக் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள். கொலை நடந்ததா என்று சந்தேகப்பட மட்டும் எனக்குக் காரணம் தெரியவில்லை.

"அந்தக் காலத்துப் போர் வழக்கமே அப்படித்தான்" என்ற சமாதானமும் இங்கேயே உடைந்துவிடுகிறது. எட்டே வருடத்தில், அதே தரப்பு ஆள், இது அநாகரிகக் கொடூரம் என்று அச்சில் எழுதியிருக்கிறார். 1801-ல் மருது சகோதரர்களையும் அவர்கள் குடும்பத்து ஆண்களையும் தூக்கிலிட்டதை அந்தப் படையிலேயே இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் கண்டித்து எழுதினார். அன்றைக்கும் அது தப்பு என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள். தண்டனை கிடைத்ததா என்பது வேறு. ஹெரான் பிற்பாடு ராணுவ விசாரணைக்கு ஆளாகிப் பதவி இழந்தார். ஆனால் அது பணம் வாங்கிய விவகாரம். "ஹெரானுக்கு அதற்குத் தண்டனை கொடுத்தார்கள்" என்று எழுதுகிறவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் ஊர்ப்பெயர். அந்த 400 பேர் இருந்த கோட்டைக்கு ஆர்ம் எழுதிய பெயர் நெல்லெகோட்டா, திருநெல்வேலிக்குத் தெற்கே 40 மைல், அதாவது வள்ளியூரையும் தாண்டிய தொலைவு. பூலித்தேவரின் நெற்கட்டும்செவலை அவர் நெல்லிடங்கவில் என்கிறார். அது சங்கரன்கோவில் பக்கம். இரண்டும் "நெல்" என்று தொடங்குகிறது, ஹெரானின் படை இரண்டுக்கும் போனது என்பதால் ஒன்றின் சாவை இன்னொன்றில் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஓசையை மட்டும் நம்பாதீர்கள். திசையும் மைலும் ஒத்துவருகிறதா என்று வரைபடத்தை விரித்துப் பாருங்கள்.

கண்டதையும் கேட்டதையும் கலப்பது இன்னொரு பழக்கம். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட மறுநாள் மேஜர் பானர்மேன் எழுதிய கடிதத்தைக் கூர்ந்து வாசித்தால் நமக்கே ஒரு பாடம் கிடைக்கும். விசாரணையில் கட்டபொம்மன் அஞ்சாமல் நின்றது, எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களை ஏளனமாகப் பார்த்தது, இவற்றைத் தான் கண்டதாகவே எழுதுகிறார். தம்பி ஊமைத்துரையைப் பற்றிக் கவலைப்பட்டதும், கோட்டையிலேயே போராடிச் செத்திருக்கலாம் என்று சொன்னதும் தனக்கு வந்த தகவல் என்று பிரித்துச் சொல்கிறார். தூக்குப் போட்டவரே பிரித்து எழுதியதை நாம் திரைப்பட வசனத்தோடு சேர்த்துக் கலக்கிவிடுகிறோம்.

1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்த இரவில், மகனைத் தேடிப் போன ஒரு தாய், குற்றுயிராகக் கிடந்த அவன் கேட்டுக்கொண்டபடி ஊமைத்துரையைத் தூக்கிவந்தாள் என்றும், எட்டயபுரத்து ஆட்கள் வந்தபோது அம்மை கண்டு செத்தவன் என்று பெண்கள் ஒப்பாரி வைத்ததில் வந்தவர்கள் ஓடிவிட்டார்கள் என்றும் வெல்ஷ் எழுதுகிறார். வெல்ஷ் அந்தப் போரில் இருந்தவர். ஆனால் இந்தக் காட்சி அவர் கண்டதாக இருக்க முடியாது. அச்சில் வந்ததும் 1830-ல். எழுதுங்கள், "வெல்ஷ் கேட்டு எழுதியது" என்ற ஒட்டோடு எழுதுங்கள். இதே கதையில் இன்னொன்றும் தெரிகிறது: தேடிவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல. கும்பினிச் சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் ஆட்கள், கூடவே கும்பினியோடு சேர்ந்த பாளையங்களின் படை. "வெள்ளையன் வந்து எரித்தான்" என்ற ஒற்றை வரியில் அதெல்லாம் மறைந்துபோகிறது.

நம் நாயகனின் ஆட்கள் செய்ததை மறைப்பதும் அதே வகைதான். ஸ்ரீவைகுண்டத்தில் கும்பினியின் நெல் களஞ்சியத்திலிருந்து கட்டபொம்மன் ஆட்கள் நெல்லை எடுத்துப்போனதைக் கும்பினிக் கடிதங்கள் கொள்ளை என்கின்றன. கட்டபொம்மன் பக்கம் பேசுகிறவர்கள், வரியாகப் பறித்ததைத் திருப்பி எடுத்தார்கள் என்கிறார்கள். இந்தச் சண்டை இன்றைக்கும் சாதிச் சங்க மேடைகளில் ஓய்ந்தபாடில்லை. அந்த நெல்லை அறுத்துப் போட்ட குடியானவனுக்கு அதில் ஒரு மரக்கால் திரும்பி வந்ததா என்று இரண்டு தரப்பும் கேட்பதில்லை. ஊர் வரலாறு எழுதுகிறவர் கேட்க வேண்டியது அதைத்தான்.

கதைப்பாடலைக் கையாளுவதிலும் நிதானம் வேண்டும். அது போலீஸ் அறிக்கை அல்ல. தேதிக்கும் ஆள் கணக்கிற்கும் அதை நம்பினால் மோசம் போவீர்கள். ஆனால் யாரைப் பார்த்து ஊர் பயந்தது, யாருக்காக அழுதது என்பதைக் கும்பினிக் கடிதங்களில் தேடினால் கிடைக்காது. தன் படையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று பெயர் பதவியோடு எழுதிய அதிகாரிகள், ஊர்க்காரரைப் பற்றி ஒரு வரி எழுதினால் பெரிது. ஏட்டில் இல்லை என்பதால் நடக்கவில்லை என்று முடிவுகட்டுவது அந்த அதிகாரியின் அலட்சியத்தையே ஆதாரமாக்குவது.

பெரியவர்களிடம் விசாரிக்கும்போது பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள். "ஆச்சி, வெள்ளக்காரன் வந்து நம்ம ஊரக் கொளுத்துனானாமே?" என்று கேட்டால், "ஆமாய்யா, கொளுத்துனானாம்" என்றுதான் வரும். "இந்தப் பீடத்துல இருக்கது யாரு ஆச்சி? எப்படிச் செத்தாவ?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அகாலமாகச் செத்தவர்களைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிற சீமை இது. ஆச்சி சொல்கிற சாவு படையால் வந்ததாகவும் இருக்கலாம், பஞ்சத்தால், கொள்ளை நோயால், பங்காளிச் சண்டையால் வந்ததாகவும் இருக்கலாம். சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே எழுதி, யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். அதே கேள்வியைப் பக்கத்து ஊரிலும், முடிந்தால் வேறு தெருவிலும் போய்க் கேளுங்கள்.