மெஷின் இல்லாம வீட்டில ஐஸ்கிரீம்: கொழும்பு வெக்கைக்கு ஏத்த மாதிரி

நான் முதல் முதல் வீட்டில ஐஸ்கிரீம் செய்தது ஓ லெவல் எக்ஸாம் முடிஞ்ச லீவில. பாலைக் காய்ச்சி சீனி போட்டு வனிலா ரெண்டு சொட்டு விட்டு அப்பிடியே ஃப்ரீசருக்குள்ள தள்ளினன், அடுத்த நாள் எடுத்துப் பார்த்தா கல்லு. கரண்டி வளைஞ்சுதே தவிர அது அசையேல்ல, அம்மா கத்தியின்ட பின்பக்கத்தால குத்தி உடைச்சுத் தந்தவ, எல்லாரும் ஐஸ்பழம் மாதிரி உறிஞ்சி முடிச்சம். தம்பி இப்பவும் அதைச் சொல்லிச் சிரிப்பான்.

ஏன் அப்பிடி வந்ததெண்டு விளங்க எனக்குக் கன வருசம் எடுத்தது. பாலில 87 வீதம் தண்ணிதான். எங்கட வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 அளவில மெல்ல மெல்லத்தான் உறைய வைக்கும், மெல்ல உறைஞ்சா தண்ணி பெரிய பெரிய ஐஸ் ஊசியா வளரும், நாக்கில மணல் மாதிரி படுறது அதுதான். ஃபெக்டரியில கடும் குளிரில விடாமக் கிண்டிக்கொண்டே உறைய வைக்கிறதால ஊசி சின்னனாவே நிண்டிடும், அதோட காத்தையும் உள்ள அடிப்பினம், கடையில வாங்கிற சில ஐஸ்கிரீம் டப்பாவில பாதிக்குப் பாதி காத்துத்தான், தூக்கிப் பார்த்தாலே பாரத்தில தெரியும். மெஷின் இல்லாத நாங்கள் அந்தத் தண்ணியை வேற வழியில சமாளிக்கோணும், ஒண்டில் குறைக்கோணும், இல்லாட்டி சீனி, பால்மா, கோன்ஃப்ளவர் எண்டு ஏதாவது போட்டுக் கட்டி வைக்கோணும், இல்லாட்டி கொழுப்பும் காத்தும் சேர்த்து இடையில புகவிடோணும். கீழ வாறது எல்லாமே இந்தக் கதைதான்.

முதல் வனிலா. இது சரியா வந்தால் மற்றது எல்லாம் வரும்.

வேணும் எண்டது விப்பிங் கிரீம் 500 மில்லி, கண்டென்ஸ்ட் மில்க் 390 கிராம் டின் ஒண்டு, வனிலா ரெண்டு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கிரீம் வாங்கேக்க பெட்டியைத் திருப்பிப் பாருங்கோ, கொழுப்பு 35 வீதம் அளவில இருக்கோணும். குக்கிங் கிரீம் எண்டு போட்டிருக்கிறது பொங்காது, நான் ஒருக்கா ஒரு கடையில கேட்டு வாங்கினன், "ரெண்டும் ஒண்டுதான் மிஸ்" எண்டு தந்தாங்கள், அரை மணித்தியாலம் அடிச்சும் தண்ணியாவே கிடந்தது, கடைசியில அது பாஸ்தாவுக்குத்தான் போனது. கேக் ஐசிங் சாமான் விக்கிற கடையளில கிடைக்கிற பால் இல்லாத விப்பிங் டொப்பிங்கும் பாவிக்கலாம், வெக்கைக்கு நல்லாத் தாக்குப்பிடிக்கும், ஆனா அதுகள் கனக்க ஏற்கனவே இனிப்பு, அதால கண்டென்ஸ்ட் மில்க்கை முக்கால் டின்னோட நிப்பாட்டுங்கோ.

ஸ்டெப் 1. கிரீம், கண்டென்ஸ்ட் மில்க் ரெண்டையும் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில வையுங்கோ, ஃப்ரீசரில இல்ல, கீழ. கிரீம் உறைஞ்சால் பிரிஞ்சு போகும். அடிக்கிற கோப்பையையும் பீட்டரின்ட கம்பியையும் மட்டும் 20 நிமிசம் ஃப்ரீசரில போடுங்கோ. வெள்ளவத்தையில எங்கட குசினி மத்தியானத்தில 30 டிகிரிக்கு மேல நிக்கும், அந்த வெக்கையில கிரீமில இருக்கிற கொழுப்பு இளகினால் காத்தைப் பிடிச்சு வைக்காது, அதால நான் விடியக் காலமை இல்லாட்டி இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் இந்த வேலை பார்க்கிறது. இன்னும் பயமெண்டால் பெரிய சட்டியில ஐஸ் தண்ணி விட்டு அதுக்குள்ள கோப்பையை வைச்சு அடியுங்கோ.

ஸ்டெப் 2. மெல்லத் தொடங்கி நடுத்தர ஸ்பீடில அடியுங்கோ, மூண்டு நாலு நிமிசத்தில பீட்டர் போன கோடு அழியாம நிக்கத் தொடங்கும். கம்பியைத் தூக்கிப் பார்த்தால் நுனி கிளிச்சொண்டு மாதிரி கொஞ்சம் வளைஞ்சு நிக்கோணும், அதோட நிப்பாட்டுங்கோ, வடிவா இருக்கெண்டு இன்னும் ஒரு நிமிசம் அடிச்சால் மஞ்சளிச்சு மணி மணியாத் திரையும், அது பட்டர் ஆகத் தொடங்கிட்டுது எண்டு அர்த்தம். அந்தக் கட்டத்தில பிடிச்சிட்டீங்கள் எண்டால் அடிக்காத கிரீம் ரெண்டு மூண்டு கரண்டி விட்டுக் கையால மெல்லக் கலந்தால் திரும்பி வரும். அதையும் தாண்டினால் சீனி தூவிப் பாணுக்குப் பூசிச் சாப்பிடுங்கோ, வேற வழியில்ல.

ஸ்டெப் 3. இன்னொரு கோப்பையில கண்டென்ஸ்ட் மில்க், வனிலா, உப்பு மூண்டையும் கலக்குங்கோ. அதுக்குள்ள அடிச்ச கிரீமில மூண்டில ஒரு பங்கை மட்டும் முதல் போட்டுக் கலந்து இளக்கிப் போட்டு, பிறகு மிச்சத்தைப் போட்டுக் கரண்டியால அடியில இருந்து மேல புரட்டிப் புரட்டிக் கலக்குங்கோ. வட்டமாச் சுத்திக் கிண்டாதேங்கோ, கஷ்டப்பட்டு அடிச்ச காத்தெல்லாம் போயிடும்.

ஸ்டெப் 4. ஆழமான டப்பாவை விட அகலமான தட்டை டப்பா நல்லது, கெதியா உறையும், கெதியா உறைஞ்சால் ஊசி சின்னன். மேல ஒரு லன்ச் ஷீட்டை ஐஸ்கிரீமில ஒட்டிற மாதிரி அழுத்தி விட்டுப் பிறகு மூடி போடுங்கோ. இதை ஆக்கள் கணக்கெடுக்கிறதில்ல, ஆனா எங்கட ஃப்ரீசர்களில பக்கத்திலயே சூரை மீன் துண்டு கிடக்கும், கொழுப்புச் சாமான் மணத்தை இழுக்கும், பிறகு வனிலா ஐஸ்கிரீமில மீன் வாசம் வந்தால் என்னைக் கேக்காதேங்கோ. எட்டு மணித்தியாலம் விடோணும், நடுவில திறந்து பார்க்கக் கூடாது.

இனி ஃப்ளேவர். இதிலதான் கன பேர் பிழைவிடுறது, ஏனெண்டால் பழத்தை அப்பிடியே அரைச்சு ஊத்தினால் திரும்பவும் தண்ணியை உள்ள விடுறீங்கள்.

மாம்பழம் எண்டால் என்னைப் பொறுத்தவரை கறுத்தக்கொழும்பான்தான், சீசனில யாழ்ப்பாணத்தில இருந்து பஸ்ஸில பெட்டி வந்து இறங்கினால் வீடே மணக்கும். ஒண்டரைக் கப் பழச்சாந்தை அடிப்பிடிக்காத சட்டியில போட்டு மெல்லிய நெருப்பில கிண்டிக் கிண்டி முக்கால் கப்புக்கு இறக்குங்கோ, வத்த வத்த நிறமும் வாசமும் இறுகி வரும், தேசிக்காய்ப் புளி ஒரு தேக்கரண்டி விட்டு நல்லா ஆறவிட்டுக் குளிர வைச்சுப் பிறகு மேல சொன்ன வனிலாக் கலவையில சேருங்கோ, வனிலாவை மட்டும் விட்டிடுங்கோ. சூடாச் சேர்த்தால் கிரீம் உருகி எல்லாம் வீண்.

ஆனைக்கொய்யா, கொழும்பில கன பேர் பட்டர் ஃப்ரூட் எண்டு சொல்லுறது, அதுக்கு வத்த வைக்கவே தேவையில்ல, பழத்திலயே கொழுப்பு இருக்கு. ரெண்டு பழுத்த பழம், அரை டின் கண்டென்ஸ்ட் மில்க், ஒரு கப் கிரீம், ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி, எல்லாத்தையும் ப்ளெண்டரில அடிச்சு டப்பாவில ஊத்துங்கோ, அவ்வளவுதான், கிரீமைத் தனியா அடிக்கவும் வேணாம். பீட்டர் இல்லாத ஆக்கள் இதில இருந்தே தொடங்கலாம். நெருப்பில மட்டும் வைக்காதேங்கோ, கைக்கும்.

கொடித்தோடம்பழம் நல்லாப் போகும். நாலைஞ்சு பழத்தின்ட சாறை வடிச்சுக் குளிர்ந்த கண்டென்ஸ்ட் மில்க்கில விட்டால் புளிக்கு அது தானாவே தடிச்சு வரும், பயப்பிடாதேங்கோ, பழுதாகேல்ல. மைலோ வேணுமெண்டால் அஞ்சு மேசைக்கரண்டியைக் கொஞ்சச் சுடுதண்ணியில களி மாதிரி குழைச்சு ஆறவிட்டுச் சேருங்கோ, பிள்ளையளுக்கு இதுதான் முதலிடம்.

அன்னாசியும் பப்பாசியும் பச்சையாப் பாலோட சேரவே கூடாது. ரெண்டிலயும் புரதத்தை அறுக்கிற என்சைம் இருக்கு, வைக்க வைக்கப் பால் கசந்து போகும், ஜெலி போட்டாலும் இறுகாது. அன்னாசியைச் சின்னனா வெட்டிச் சீனியோட பத்து நிமிசம் வேக வைச்சால் அந்த என்சைம் செத்திடும், பிறகு பிரச்சினையில்ல. பப்பாசியை நான் ஐஸ்கிரீமுக்குப் பாவிக்கிறதே இல்ல, அது விடியக் காலமை தேசிக்காய் பிழிஞ்சு சாப்பிடுற பழம்.

எனக்குப் பிடிச்சது எதெண்டு கேட்டால் தேங்காய்ப்பாலும் கித்துள் பாணியும். இதுக்குக் கிரீமே வேணாம், பால் சாப்பிடாத ஆக்களுக்கும் குடுக்கலாம். ரெண்டு தேங்காயைத் துருவித் தண்ணி கனக்க விடாமப் பிழிஞ்ச முதல் பால் 400 மில்லி, கித்துள் பாணி அரைக் கப், கோன்ஃப்ளவர் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கோன்ஃப்ளவரைக் கொஞ்சப் பச்சைத் தண்ணியில கரைச்சு எல்லாத்தையும் ஒண்டாச் சேர்த்து மெல்லிய நெருப்பில கிண்டுங்கோ, கரண்டியின்ட முதுகில படிஞ்சு விரலால கோடு போட்டால் அது மூடாம நிக்கோணும். கொதிச்சுத் தள்ள விடாதேங்கோ, தேங்காய்ப்பால் திரைஞ்சு எண்ணெய் மிதக்கும். ஆறினாப் பிறகு ஃப்ரீசரில வைச்சு, ஓரமெல்லாம் உறைஞ்சு நடு மட்டும் கூழா இருக்கிற நேரத்தில, மூண்டு மணித்தியாலம் அளவில வரும், எடுத்து ப்ளெண்டரில ஒரு சுத்துச் சுத்தித் திரும்ப வையுங்கோ. ரெண்டு மணித்தியாலத்தால இன்னொருக்கா. வளர்ந்த ஊசியை உடைக்கிறதுதான் அந்த ரெண்டு சுத்து, பஞ்சியில ஒண்டை விட்டாலும் வாயில தெரியும். கடைசியில வறுத்த கஜு போடுங்கோ. பாணி நல்லதா இருக்கோணும், சீனிப்பாகு கலந்ததெண்டால் அந்தப் புகை வாசம் வராது, வெறும் இனிப்புத்தான் மிஞ்சும். பனங்கட்டி கரைச்சு விட்டும் செய்து பார்த்தன், அம்மம்மா "இதுதான்ரா ஐஸ்கிரீம்" எண்டவ, அவவுக்குப் பனங்கட்டி எதில போட்டாலும் சரி.

கிரீம் விலைக்கு ஏலாது எண்டால் இதே ப்ளெண்டர் வழியில பாலாலயும் செய்யலாம். பால் 500 மில்லி, முழு ஆடைப் பால்மா நாலு மேசைக்கரண்டி, சீனி அரைக் கப், கோன்ஃப்ளவர் ரெண்டு மேசைக்கரண்டி, வனிலா. காய்ச்சித் தடிப்பாக்கி ஆறவிட்டு உறைய வைச்சு மூண்டு தரம் அடியுங்கோ. சீனியைக் குறைக்கிறன் எண்டு வெளிக்கிடாதேங்கோ, சீனி இனிப்புக்கு மட்டுமில்ல, தண்ணி முழுசா உறையாமத் தடுக்கிறதும் அதுதான். சூடா இருக்கேக்க ருசி பார்த்தால் கொஞ்சம் கூடித்தான் தெரியோணும், குளிரில நாக்குக்கு இனிப்புக் குறைவாத்தான் படும்.

ஐஸ்பழத்துக்கும் அதே கணக்கு. வத்தகப்பழச் சாறு, நெல்லிச் சாறு, நன்னாரி, எதுவெண்டாலும் ஒரு கப்புக்குக் கால் கப் சீனிப்பாகு. அச்சு இல்லாட்டி சின்ன எவர்சில்வர் டம்ளர், ஒண்டரை மணித்தியாலத்தில பாதி உறைஞ்சாப் பிறகு குச்சியைக் குத்தினால் நேரா நிக்கும். கழட்டேக்க பச்சைத் தண்ணியில பத்துச் செக்கன் பிடியுங்கோ.

பிள்ளையள் லீவில வீட்டை ரெண்டாக்கினால் ஃப்ரீசரே இல்லாம ஒரு விளையாட்டு இருக்கு. சின்ன ஸிப் பையில அரைக் கப் பால், அரைக் கப் கிரீம், ஒரு மேசைக்கரண்டி சீனி, வனிலா விட்டுக் காத்தை வெளியேத்தி மூடுங்கோ. பெரிய பையில ஐஸ்கட்டி நாலு கப், கல்லுப்பு அரைக் கப் போட்டு சின்னப் பையை உள்ள வைச்சு, துவாயால சுத்திப் பத்து நிமிசம் குலுக்கச் சொல்லுங்கோ. உப்புப் பட்டால் ஐஸ் பூச்சியத்துக்குக் கீழயும் உருகும், உருகுறதுக்கு வேண்டிய சூட்டைப் பக்கத்தில இருக்கிற பாலில இருந்து இழுக்கும், சரியான அளவில உப்பும் ஐஸும் சேர்ந்தால் மைனஸ் 21 வரைக்கும் போகும், அதால துவாய் இல்லாம வெறுங்கையால பிடிக்க விடாதேங்கோ, தோல் சுடும். 1843ல அமெரிக்காவில நான்சி ஜோன்சன் எண்ட பெண் கையால சுத்துற ஐஸ்கிரீம் வாளிக்குப் பேட்டன்ட் எடுத்தவ, அந்த வாளிக்குள்ளயும் இதே ஐஸும் உப்பும்தான். சின்னப் பையைத் திறக்க முதல் வெளிப்பக்கத்தைக் கழுவ மறந்தால் உப்பு ஐஸ்கிரீம்.

பரிமாறக் கொழும்பில கனநேரம் வெளியில வைக்கத் தேவையில்ல, அஞ்சு நிமிசம் காணும், தேங்காய்ப்பாலில செய்தது மட்டும் இறுகிக் கிடக்கும், அதுக்குப் பத்து நிமிசம். கசகசா, அதாவது பலூடாவுக்குப் போடுற சப்ஜா விதை, ஊறப்போட்டு ரோஸ் சிரப்பும் குளிர்ப்பாலும் விட்டு மேல ஒரு கரண்டி வனிலா வைச்சால் பலூடா முடிஞ்சுது. ரெண்டு கிழமைக்குள்ள சாப்பிட்டு முடியுங்கோ, அதுக்குப் பிறகு மேல பனி படரும்.

கரண்ட் போனால் ஃப்ரீசரைத் திறக்காதேங்கோ. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கட் பண்ணின நேரம் என்ட ஒரு டப்பா மாம்பழ ஐஸ்கிரீம் முழுசா உருகிட்டுது, மனசு கேக்காமத் திரும்ப உறைய வைச்சன், வந்தது அந்த ஓ லெவல் லீவுக் கல்லேதான். முழுசா உருகிச் சூடேறினதைத் திரும்ப வைக்கவும் கூடாது, வயித்தைக் கலக்கும். பாதி இளகி இன்னும் குளிரா இருந்தால் உடன கப்பில ஊத்தி மில்க்ஷேக் எண்டு சொல்லிக் குடுத்திடுங்கோ.