பாக்கெட்டைத் தொலைத்தது யார்? வலையமைப்பு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலையமைப்புச் செயல்திறன் ஆய்வில் புதிதாக இறங்குபவர்களின் அளவீட்டு வரைபடங்களை அடிக்கடி பார்க்கிறேன். நெறிமுறைகள் மாறிவிட்டன, கருவிகள் மாறிவிட்டன. ஆனால் என் தலைமுறை தொடக்கத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். வைஃபையில் அளக்காதீர்கள், ஒரே முறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு எழுதாதீர்கள் என்பவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நெட்எம் வரிசையின் நீளத்தைப் பார்க்காமல் விடுவது

இது எனக்கு இன்னமும் எரிச்சலூட்டும் தவறு. எனவே விரிவாகவே சொல்கிறேன்.

தொலைதூர இணைப்பை ஆய்வகத்துக்குள் உருவாக்க, லினக்ஸில் பெரும்பாலோர் எடுப்பது நெட்எம் என்ற கருவி. 100 மில்லிவிநாடி தாமதம் என்று கட்டளை கொடுத்தால், ஒவ்வொரு பாக்கெட்டையும் (தரவுத் துண்டையும்) அவ்வளவு நேரம் பிடித்துவைத்து அனுப்பும். பிடித்துவைக்க இடம் வேண்டும். நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் அந்த இடம் 1000 பாக்கெட்டுகளுக்கு மட்டுமே.

இப்போது கணக்குப் போடுங்கள். விநாடிக்கு 1 கிகாபிட் வேகமுள்ள இணைப்பில், 100 மில்லிவிநாடிக்குள் 12.5 மெகாபைட் தரவு வந்து சேரும். 1500 பைட் பாக்கெட்டுகளாக எண்ணினால் ஏறத்தாழ 8,300. வரிசையில் இடமோ 1000. அதாவது விநாடிக்கு 120 மெகாபிட்டைத் தாண்டிய உடனே நெட்எம் பாக்கெட்டுகளைக் கீழே போடத் தொடங்கும். எந்த எச்சரிக்கையும் திரையில் வராது.

ஓர் ஆய்வு மாணவர், தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறை நெரிசலுக்கேற்ப வேகத்தைத் தீர்மானிக்கும் இரு முறைகளான க்யூபிக்கையும் பிபிஆரையும் ஒப்பிட்டு ஓர் அத்தியாயமே எழுதி முடித்திருந்தார். தாமதம் கூடக் கூட க்யூபிக் சரிகிறது, பிபிஆர் நிமிர்ந்து நிற்கிறது. கோடுகள் வழவழப்பாக, எந்தக் கருத்தரங்கிலும் காட்டக்கூடிய அழகுடன் இருந்தன. இரு முனைகளுக்கும் இடையில் நெட்எம் ஓடிய கணினியில் வரிசையின் புள்ளிவிவரத்தைக் காட்டும் கட்டளையைக் கொடுக்கச் சொன்னேன். கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை மலைபோல் குவிந்திருந்தது. பாக்கெட் தொலைந்தால் க்யூபிக் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2016இல் கூகுள் வெளியிட்ட பிபிஆரின் முதல் வடிவம் இழப்பை ஏறக்குறைய பொருட்படுத்தாது. அவர் அளந்தது நெரிசல் கட்டுப்பாட்டு முறைகளின் தரத்தை அல்ல, பரிசோதனைக் கருவியின் கொள்ளளவை. அத்தியாயம் முழுவதும் திரும்ப எழுதப்பட்டது.

எரிச்சல் ஏனென்றால், ஒரே கட்டளையில் வெளிப்பட்டுவிடும் பிழை இது. அதைப் பார்க்காமல் விட்டால், அந்த முடிவை நம்பி இன்னொருவர் தன் ஆய்வைத் தொடங்குகிறார்.

வரிசையின் வரம்பைக் கைப்படக் கூட்டிவையுங்கள். வேகத்தையும் தாமதத்தையும் பெருக்கி வரும் அளவைவிடத் தாராளமாக. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். வேகக் கட்டுப்பாட்டையும் தாமதத்தையும் ஒரே நெட்எம்மில் சேர்த்துக் கொடுத்தால், ‘வழியில் போய்க்கொண்டிருக்கும்’ பாக்கெட்டும் ‘நெரிசலில் காத்திருக்கும்’ பாக்கெட்டும் ஒரே வரம்பைப் பங்கிட்டுக்கொள்ளும். நீங்கள் எந்த அளவு இடையகத்தை (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடத்தை) சோதிக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் போகும். இரண்டையும் தனித்தனிக் கணினிகளில் வையுங்கள். அனுப்பும் கணினியில் நெட்எம்மை ஓட்டவே வேண்டாம். அங்கே, பிணைய அட்டை துண்டுபோடும் முன், ஒரு ‘பாக்கெட்’ 64 கிலோபைட் வரை இருக்கலாம் என்பதால் 1000 என்ற எண்ணே பொருளிழக்கும். மேலும் அங்கே கைவிடப்பட்டால் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) அதை டிசிபிக்கு உடனடியாகத் தெரிவித்துவிடும். வழியில் இருக்கும் ரவுட்டர் எதுவும் அப்படிச் சொல்வதில்லை.

சும்மா இருக்கும் இணைப்பில் பிங் அடித்துத் தாமதத்தை எழுதுவது

பிங் என்பது ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தைக் காட்டும் கட்டளை. யாரும் எதையும் பதிவிறக்காதபோது 20 மில்லிவிநாடி காட்டும் இணைப்பு, ஒரு பெரிய கோப்பு ஓடும்போது ஒரு விநாடியைக்கூடத் தொடும். ரவுட்டர்களின் மிதமிஞ்சிய இடையகங்களே காரணம். ஜிம் கெட்டிஸ் இதற்கு ‘பஃபர்ப்ளோட்’ என்ற பெயர் கொடுத்துப் பரவலாக்கினார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் முன்வைத்த கோடெல் முறை, வரிசையின் நீளத்தை விட்டுவிட்டு, பாக்கெட் அதில் காத்திருந்த நேரத்தைப் பார்க்கிறது. 5 மில்லிவிநாடிக்கு மேல் காத்திருப்பு நீடித்தால் பாக்கெட்டைக் கைவிடத் தொடங்குகிறது. காணொளி உரையாடலில் குரல் திக்குவதற்கு வேகக் குறைவைவிட இந்தக் காத்திருப்பே பெரும்பாலும் காரணம். ஆகவே இணைப்பை நிரப்பிவிட்டு, அப்போது தாமதத்தை அளவிடுங்கள். நிரப்பாத அளவீட்டையும் பக்கத்தில் கொடுங்கள்.

சராசரித் தாமதம்

சராசரி, அரிதாக வரும் பெரிய தாமதங்களை மறைத்துவிடும். 99ஆம் சதமானம் (நூற்றில் 99 பாக்கெட்டுகள் எந்தத் தாமதத்துக்குள் அடங்கின என்ற எண்) இல்லாத அட்டவணையை நான் படிப்பதில்லை.

1500 பைட்டைத் தாண்டிய பாக்கெட்டைக் கண்டு மிரள்வது

கம்பியில் போகும் பாக்கெட் வழக்கமாக 1500 பைட்டைத் தாண்டாது. ஆனால் பாக்கெட்டுகளைப் பிடித்துக்காட்டும் டிசிபிடம்ப் கருவி பிணைய அட்டைக்கு முன்னால் நின்று பார்க்கிறது. துண்டுபோடும் வேலையை அட்டை பிறகு செய்கிறது. கம்பியில் போவதைத்தான் பார்க்க வேண்டுமென்றால் வேறொரு கணினியில் பிடியுங்கள்.

முந்தைய ஓட்டத்தின் நினைவோடு அடுத்ததைத் தொடங்குவது

இது அதிகம் பேசப்படாதது. ஒரு டிசிபி இணைப்பு முடிந்ததும், அந்த முகவரிக்கான சுற்றுப்பயண நேரம் (போய்த் திரும்பும் நேரம்) போன்றவற்றை லினக்ஸ் சேமித்துவைக்கிறது. பழைய கெர்னல்கள் மெதுத்தொடக்க வரம்பையும் (தொடக்கத்தில் வேகத்தை விரைந்து கூட்டுவதை எங்கே நிறுத்துவது என்ற அளவையும்) இயல்பாகவே சேமித்தன. அடுத்த இணைப்பு அவற்றிலிருந்து தொடங்கலாம். அவற்றில் முதல் ஓட்டத்தில் பாக்கெட் இழப்பு ஏற்பட்டிருந்தால், இரண்டாவது ஓட்டம் காரணமே இல்லாமல் மெதுவாகக் கிளம்பும். முதல் ஓட்டத்தை மட்டும் ‘விதிவிலக்கு’ என்று நீக்கிவிட்டு எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் சுத்தமாக இருந்தது அந்த ஒன்றுதான். டிசிபி_நோ_மெட்ரிக்ஸ்_சேவ் என்ற அமைப்பை 1 ஆக்குங்கள். ஏற்கெனவே சேமித்தவற்றையும் அழித்துவிடுங்கள்.

ஒருவழித் தாமதம்

இது, ஒரு கணினி அனுப்பிய நேரத்தை மறு கணினி பெற்ற நேரத்திலிருந்து கழித்துக் கிடைப்பது. இரு கணினிகளின் கடிகாரங்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று எழுதாமல் அதை வெளியிடாதீர்கள்.