கேமல் டிரெயிலில் முதல் முறை மிதிவண்டி ஓட்டப் போகிறீர்களா? காற்றைப் பார்த்துக் கிளம்புங்கள்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான கார்ன்வாலுக்குப் போகிறவர்களிடம், கேமல் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிச் செல்லும் பழைய ரயில் பாதையான, இப்போது மிதிவண்டிப் பாதையாக இருக்கும் கேமல் டிரெயிலைப் பற்றிச் சொல்லும்போது, ‘அது சமதளம்தானே, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்’ என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மேடு இல்லை என்பது உண்மைதான். ஆனால் மேடு செய்ய வேண்டிய வேலையை அங்கே காற்று செய்துவிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்புகிறவர்கள், திரும்பி வரும் வழியில் பாதித் தூரத்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே கடக்க நேரிடுகிறது. ஓட்டத் தெரியும், ஆனால் பல ஆண்டுகளாக வண்டியைத் தொடவில்லை என்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எந்தப் பகுதியை ஓட்டுவது

முழுப் பாதை 18 மைல், அதாவது சுமார் 29 கி.மீ. நீளமுடையது. பேட்ஸ்டோ என்னும் துறைமுக ஊரில் தொடங்கி, வேட்பிரிட்ஜ் வழியாக பாட்மினைத் தொட்டு, பாட்மின் மூர் என்னும் மேட்டுநிலத்தின் ஓரத்தில் முடிகிறது. முதல் முறை போகிறவர்களுக்கு வேட்பிரிட்ஜுக்கும் பேட்ஸ்டோவுக்கும் இடைப்பட்ட ஐந்தரை மைல் போதும். போக 9 கி.மீ., வர 9 கி.மீ.; நிதானமாக ஓட்டினாலும் ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. வேட்பிரிட்ஜிலிருந்து பாட்மின் செல்லும் பகுதி மரநிழல் நிறைந்தது, கூட்டம் குறைந்தது. எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும். ஆனாலும் கடலோரம் பார்க்க வருகிறவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும்.

பாதை ஏன் இவ்வளவு சமமாக இருக்கிறது என்பதற்குக் காரணம் ரயில்தான். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு என்பதால், ரயில் பாதை போட்டவர்கள் ஏற்றத்தைத் தவிர்த்து ஆற்றங்கரையின் வளைவையே பின்பற்றினார்கள். பாட்மினுக்கும் வேட்பிரிட்ஜுக்கும் இடையிலான ரயில் 1834-லேயே ஓடத் தொடங்கியது. முகத்துவாரத்தில் அள்ளிய, சிப்பிச் சுண்ணாம்பு கலந்த மணலை உள்நாட்டு வயல்களுக்கு உரமாகக் கொண்டுபோவதுதான் அதன் முக்கிய வேலை. பேட்ஸ்டோ வரை தண்டவாளம் நீண்டது 1899-இல். பயணிகள் ரயில் 1967 ஜனவரியில் நின்றது.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு ஊர்களிலும் வாடகைக் கடைகள் இருக்கின்றன. பள்ளி விடுமுறைக் காலமென்றால் முன்பதிவு அவசியம். லண்டன் பேடிங்டனிலிருந்து பாட்மின் பார்க்வே நிலையத்துக்கு நேரடி ரயில் உண்டு. அதில் சொந்த வண்டியைக் கொண்டுவருவதானால் வண்டிக்கும் தனியாக இடம் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், முதல் முறைக்கு வாடகை வண்டியே மேல் என்பது என் கருத்து.

பாதை தார் போட்டதன்று; பொடிக்கல்லை இறுக்கிப் பரப்பியது. மெல்லிய டயர் கொண்ட பந்தய வண்டி இதில் கையை அதிரவைக்கும். 35 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலமுள்ள டயரும் மட்கார்டும் மணியும் இருக்கும் சாதாரண ஹைப்ரிட் வண்டியைக் கேளுங்கள். மின்சார வண்டியை எடுக்கும்படி கடைக்காரர் சொல்லக்கூடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது நல்லது. மற்றவர்களுக்கு இந்தப் பகுதியில் அது வீண் செலவு. முன்பக்க ஷாக் அப்சார்பரும் தேவையில்லை, எடைதான் கூடும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். புதியவர்கள் பயத்தில் இருக்கையைத் தாழ்த்திக்கொள்வார்கள். அப்படி ஓட்டினால் முழங்கால்தான் விலை கொடுக்கும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: ஏற்றம் இல்லாத பாதையில் இறக்கமும் இல்லை. மிதிக்காமல் உருண்டு போகும் இடமே கிடையாது என்பதால் உட்காருமிடமும் உள்ளங்கையும் ஓய்வில்லாமல் அழுந்திக்கொண்டிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பெடல்களின் மேல் எழுந்து நின்று, ஒவ்வொரு கையாக உதறிக்கொள்ளுங்கள்.

காற்றைப் படிப்பது

இந்த ஒரு படியில் கொஞ்சம் நேரம் செலவிட்டால் மற்றதெல்லாம் எளிது. வேட்பிரிட்ஜ் கிழக்கே இருக்கிறது. பேட்ஸ்டோ மேற்கே, சற்று வடக்காக, கடலை நோக்கி இருக்கிறது. இந்தக் கரையில் பெரும்பாலான நாட்களில் காற்று மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசும். கோடையில் வெயில் ஏறிய பிற்பகலில் கடற்காற்றும் அதே பக்கத்திலிருந்து சேர்ந்துகொள்ளும். ஆகவே வேட்பிரிட்ஜில் தொடங்குகிறவருக்குப் போகும்போது எதிர்காற்று, வரும்போது முதுகில் காற்று. பேட்ஸ்டோவில் தொடங்குகிறவருக்கு இது தலைகீழ்: முதல் பாதி காற்றே தள்ளிக்கொண்டு போகும், ‘நமக்கு இவ்வளவு தெம்பா’ என்ற மயக்கம் வரும், களைத்துப்போன பிறகு அதே காற்று முகத்தில் அறையும்.

எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு ஒரு கணக்கு. நீங்கள் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசுகிறது என்றால், உங்கள் மேல் மோதுவது 35 கி.மீ. காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது (வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு) என்பதால், காற்றில்லாத நாளில் இருப்பதைப் போல் 5 மடங்குக்கும் மேற்பட்ட தடையை நீங்கள் எதிர்கொள்கிறீர்கள். இத்தனைக்கும் 20 கி.மீ. என்பது புயல் அல்ல, இலையும் சிறு கிளையும் ஆடும் அளவுக்கான காற்றுதான்.

செய்ய வேண்டியது இவ்வளவே. முதல் நாள் இரவு பிரிட்டிஷ் வானிலைத் துறையின் முன்னறிவிப்பில் பேட்ஸ்டோவைத் தேடி, மணிவாரியான காற்றைப் பாருங்கள். வேகம் மைலில் இருக்கும்; 12 மைல் என்பது ஏறக்குறைய 20 கி.மீ. சராசரி வேகத்தோடு நிற்காமல், திடீர் வீச்சு (gust) என்று தனியாகக் காட்டும் எண்ணையும் பாருங்கள். அது 30 மைலைத் தாண்டினால் புதியவர்கள் வேறொரு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அரிதாகக் கிழக்குக் காற்று வீசும் நாளில் மட்டும் பேட்ஸ்டோவில் தொடங்குங்கள்.

எதிர்காற்றில் ஓட்டும்போது வேகத்தை மறந்துவிட்டு, கால் எளிதாகச் சுற்றும் கியருக்கு இறங்குங்கள். முழங்கையை மடக்கி உடலைக் கொஞ்சம் தாழ்த்தினால் வித்தியாசம் உடனே தெரியும். கூட வருகிறவர்களில் பலசாலி முன்னால் போக, மற்றவர் அவருக்குப் பின்னால், அவசரமாக பிரேக் பிடித்தாலும் மோதாத இடைவெளியில் வரலாம். காற்றில் புடைக்கும் தொளதொளப்பான மழைச்சட்டையைத் தவிர்த்துவிடுங்கள்.

பாதையில்

வேட்பிரிட்ஜை விட்டு வெளியே வந்ததும் வலப்பக்கம் முகத்துவாரம் விரிந்துகொண்டே போகும். இடப்பக்கம் பழைய பலகைக்கல் சுரங்கங்களின் கழிவுக் குவியல்கள் வரும். பேட்ஸ்டோவை நெருங்கும்போது லிட்டில் பெத்ரிக் ஓடையின் மேல் மூன்று கண் கொண்ட இரும்புப் பாலம் இருக்கிறது. எல்லோரும் படம் எடுக்கும் இடம் இதுதான். பக்கக்காற்று வண்டியைத் தட்டும் இடமும் இதுதான். பாலத்தில் ஏறும் முன்பே இரண்டு கைகளையும் கைப்பிடியில் வைத்து, ஓரத்தை ஒட்டாமல் ஓட்டுங்கள். படம் எடுப்பதானால் பாலத்தைக் கடந்து, இறங்கி, ஓரமாக நின்று எடுங்கள்.

கடல்நீர் ஏறி இறங்கும் ஏற்றவற்றத்தையும் பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. நீர் பாதையின் மேல் ஏறாது, ஆனால் காட்சி அடியோடு மாறும். பெரிய ஏற்றவற்ற நாட்களில் இங்கே நீர்மட்டம் 6 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் ஏறக்குறைய நண்பகலில் அமைவதால், அப்போது போகிறவர்கள் பார்ப்பது நீல நீரை அல்ல, மஞ்சள் மணலையும் சேற்றில் இரை தேடும் பறவைகளையும்தான். பறவை பார்க்க வருகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். தண்ணீரைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பேட்ஸ்டோவிலிருந்து எதிர்க்கரையில் உள்ள ராக் ஊருக்குப் போகும் படகும், வற்றத்தின்போது துறைமுகத்தில் அல்லாமல் சற்றுத் தள்ளி வேறிடத்தில் ஆளேற்றும்.

பேட்ஸ்டோவின் தெருக்கள் குறுகலானவை. கோடையில் ஆள் மேல் ஆள் இடிக்கும். பாதை முடியும் இடத்திலேயே வண்டியைப் பூட்டிவிட்டு நடந்து போங்கள். மே தினத்தில் ஊரே ‘ஆபி ஆஸ்’ திருவிழாவில் திரண்டிருக்கும் என்பதால் அன்றைக்கு வண்டியோடு போகவே வேண்டாம்.

சொந்த வண்டியில் போனவர்கள் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் வண்டியைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். கனமான எண்ணெய் பொடிக்கல் தூசியை ஒட்டவைத்துக்கொள்ளும் என்பதால் வறண்ட காலத்துக்கான மெல்லிய எண்ணெயையே நான் பயன்படுத்துகிறேன்.

பின்சேர்க்கை

வேட்பிரிட்ஜில் பாதை அறுந்துவிடுகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். பாட்மின் பக்கம் தொடர விரும்புகிறவர்கள் ஊருக்குள் தெருக்களின் வழியாகக் கொஞ்ச தூரம் போய்த்தான் மறுமுனையைப் பிடிக்க வேண்டும். கடைத்தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டே, கேமல் டிரெயில் என்ற பலகைகளைப் பின்தொடர்ந்தால் பழைய ரயில் நிலையக் கட்டடத்தைத் தாண்டிப் பாதை மீண்டும் கிடைக்கும்.

குதிரைகளைப் பற்றியும் ஒருவர் கேட்டார். இந்தப் பாதையில் குதிரையேறிகளுக்கும் இடம் உண்டு. நடப்பவர்களுக்குப் பின்னாலிருந்து மணி அடிக்கலாம்; குதிரைக்குப் பின்னால் அடிக்காதீர்கள், அது மிரளும். வேகத்தைக் குறைத்து, தொலைவிலிருந்தே குரல் கொடுத்து, குதிரையேறி கையசைத்த பிறகு போதிய இடம் விட்டுக் கடந்து செல்லுங்கள்.