கப்பலிலிருந்து திமிங்கலக் கணக்கெடுப்பு: புதிய தன்னார்வலருக்கு

திமிங்கலங்களையும் ஓங்கில்களையும் (டால்பின்களையும்) கணக்கெடுக்கக் கப்பலேறும் தன்னார்வலரின் வேலை அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதன்று. கடலை ஒரே சீராகப் பார்ப்பதும், எப்படிப் பார்த்தோம் என்பதைப் பிசகின்றி எழுதிவைப்பதும்தான். ஒன்றுமே தென்படாத ஒரு மணி நேரமும் பதிவாக வேண்டும். எவ்வளவு தூரம் பார்த்தோம் என்ற கணக்கு இல்லாவிட்டால், கண்ட விலங்குகளின் எண்ணிக்கையை வைத்து அந்தக் கடற்பரப்பின் அடர்த்தியை மதிப்பிட முடியாது.

முன்னனுபவம் கட்டாயமில்லை, நடத்துபவர்கள் தரும் பயிற்சியை முடித்துவிட்டு, முதல் பயணத்தில் அனுபவசாலி ஒருவர் தலைமை தாங்கும் குழுவில் சேர்வது நல்லது. கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜில் நின்று பார்க்க அனுமதித்தால், அங்கே கேப்டனின் சொல்லே இறுதியானது என்பதையும், துறைமுகத்தை நெருங்கும் வேளையில் பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

பணி தொடங்கியதும் நேரம், கப்பலின் இருப்பிடம், திசை, வேகம், கடலின் நிலை, அலைவீக்கம், பார்வைத் தெளிவு, சூரிய ஒளிக்கூச்சம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். குறித்த இடைவெளியிலும், இவற்றுள் ஏதேனும் மாறும்போதும் மறுபடி குறிக்க வேண்டும். கடலின் நிலையை, காற்றின் வலுவை 0 முதல் 12 வரை தரப்படுத்தும் பியூஃபோர்ட் அளவில் எழுதுவார்கள். அளவு 3-இல் வெண்நுரை ஆங்காங்கே தோன்றத் தொடங்குகிறது. அதன்பின் ஓங்கிலின் சிறிய உறவினமான கடற்பன்றி (porpoise) போன்ற சிறிய விலங்கைக் காண்பது பெரும்பாலும் நற்பேறுதான்.

வெறுங்கண்ணால் அணியத்திலிருந்து (கப்பலின் முன்முனையிலிருந்து) உங்களுக்குரிய பக்கம் 90 டிகிரி வரை மெதுவாகத் துழாவி, இடையிடையே பைனாகுலரைப் பயன்படுத்துங்கள். 7×50 (ஏழு மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. வில்லை) போதும், உருப்பெருக்கம் கூடக்கூடக் கப்பலின் அதிர்வும் பெருகித் தெரியும். சோர்ந்த கண் பார்ப்பதாக நம்பிக்கொண்டே பார்க்காமல் விடும் என்பதால், முறை மாற்றிக்கொள்வதில் வெட்கப்பட வேண்டாம்.

விலங்கு தென்பட்ட கணத்தில் இனத்தைப் பற்றி வாதிடத் தொடங்கிவிடுவது புதியவர்களின் வழக்கம். கோணமும் தொலைவும்தான் முதலில் வேண்டியவை. கப்பலின் பாதைக்கு 30 டிகிரியில், 2 கிலோமீட்டர் தொலைவில் கண்ட விலங்கு, பாதையிலிருந்து செங்குத்தாக 1 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மதிப்பீடு முழுவதும் இந்தச் செங்குத்துத் தொலைவின்மேல்தான் நிற்கிறது. ஆகவே கோணத்தை அளக்கும் டிகிரி குறித்த கோணப் பலகையில் 4 டிகிரி என்றால் 4 என்றே எழுதுங்கள். அதைச் சுழியமாக்கினால் விலங்குகள் பாதையின்மேலேயே குவிந்திருப்பதுபோல் கணக்கு ஏமாற்றி, எண்ணிக்கையை மிகைப்படுத்தும். ஓங்கில்களிடம் கூடுதல் கவனம் வேண்டும்: அவை அணியத்து அலையில் சவாரி செய்ய ஓடிவருபவை என்பதால், அருகில் வந்தபின் எடுத்த அளவு பயன்படாது, முதன்முதலில் கண்ட இடத்தையே பதிவு செய்ய வேண்டும்.

அடுத்தது இனம். எண்ணெய்த் திமிங்கலத்தின் (sperm whale) மூச்சுப் பீச்சல் முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்திருக்கும். நீலத் திமிங்கலத்தினுடையது ஏறக்குறைய 9 மீட்டர் உயரம் வரை நேராக எழும். துடுப்புத் திமிங்கலத்தின் (fin whale) கீழ்த்தாடை வலப்பக்கம் மட்டும் வெண்மையானது. உறுதியில்லையென்றால் ‘அடையாளம் தெரியாத பெரிய திமிங்கலம்’ என்று எழுதுவதே நேர்மை. துணிந்து எழுதிய தவறான பெயரைப் பின்னால் யாராலும் திருத்த இயலாது. கூட்டத்தின் அளவுக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம், உங்கள் சிறந்த மதிப்பு என மூன்று எண்கள் தரவும்.

எண்ணெய்த் திமிங்கலம் முக்கால் மணி நேரம்கூட மூழ்கியிருக்கும்; அதற்குள் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் செல்லும் கப்பல் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் கடந்துவிடும். இப்படித் தவறவிட்டவற்றைப் புள்ளியியலாளர்கள் தனியே ஈடுசெய்வார்கள்; நீங்கள் ஊகித்து எதையும் சேர்க்கக் கூடாது. படிவங்களை அன்றிரவே, நினைவு மங்குமுன், குழுவினரோடு அமர்ந்து சரிபார்த்துவிடுங்கள்.