தேடினால் வேறு என்னமோ வருகிறதா? பழையபடி இணைப்புகளை மட்டும் வரவழைக்கும் வழி

தக்கலை தாலுகா ஆபீஸுக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க எதையாவது தேடிக்கொண்டே இருப்பதுதான் வேலை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இப்போது ஃபோனை நீட்டிக்கொண்டே, "எதைத் தேடினாலும் வேற என்னமோ வருது" என்கிறார்கள்.

போன மாதம் ஒரு பாட்டா (தாத்தா) வந்தார். வீட்டுக்குப் பின்னால் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) நட்டிருக்கிறார். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகிச் சுருண்டுபோகிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று அவரே ஃபோனில் தேடிப் பார்த்திருக்கிறார். மேலே பெரிய கட்டத்தில் ஏஐ எழுதிய பதில், அதுவும் உணவில் சீனியைக் குறைப்பது பற்றி. அதன் கீழே ஒரு விளம்பரம், பிறகு வீடியோக்கள். ஏழெட்டுத் தடவை விரலால் தள்ளிய பிறகுதான் ஒரு இணைப்பே கண்ணில் பட்டது.

"லே மக்கா, எனக்கு சுகர் இருக்குன்னு இதுக்கு யாரு சொன்னா?" என்றார்.

அன்றைக்குப் பாட்டாவுக்குச் செய்து காட்டியதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கூகுளை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் கிட்டத்தட்ட எல்லார் ஃபோனிலும் அதுதான் இருக்கிறது.

படி 1: 'வெப்' பொத்தானைக் கண்டுபிடியுங்கள்

விடைகளுக்கு மேலே ஏஐ சுருக்கம் போடுவதைக் கூகுள் 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கியது. ஆகஸ்டில் இந்தியாவுக்கும் வந்தது. பீட்சாவில் சீஸ் ஒட்டாவிட்டால் கொஞ்சம் பசை சேர்க்கலாம் என்று அது பதில் சொல்லி ஊரே சிரித்ததும் அந்த மே மாதம்தான். வெறும் இணைப்புகளை மட்டும் காட்டும் 'வெப்' என்ற பிரிவையும் அதே மாதம் அவர்களே கொண்டுவந்தார்கள். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

வழக்கம்போலத் தேடுங்கள். விடைகளுக்கு மேலே படங்கள், வீடியோக்கள், செய்திகள் என்று ஒரு வரிசை இருக்கும். அதை இடப்பக்கம் தள்ளிக்கொண்டே போனால் 'வெப்' வரும். வராவிட்டால் 'மேலும்' என்பதற்குள் பாருங்கள். அதைத் தொட்டதும் ஏஐ கட்டம், வீடியோ வரிசை எல்லாம் போய்விடும். விளம்பரம் மட்டும் வரலாம். 'ஸ்பான்சர்டு' என்று போட்டிருந்தால் தாண்டிப் போங்கள்.

படி 2: ஒவ்வொரு தடவையும் தொடாமல் இருக்க

கம்ப்யூட்டரில் குரோம் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ் போய், சர்ச் எஞ்சின் என்ற பகுதியில், சர்ச் எஞ்சின்களை நிர்வகிக்கும் இடத்தைத் திறங்கள். அங்கே 'சைட் சர்ச்' என்பதன் கீழ் 'ஆட்' என்று இருக்கும். பெயருக்கும் ஷார்ட்கட்டுக்கும் உங்கள் விருப்பம்போல எதையாவது போடுங்கள். முகவரிதான் முக்கியம். கடையில் வாயால் சொல்லிக் கொடுக்கிற மாதிரியே சொல்கிறேன், ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் அடியுங்கள்: வழக்கமான கூகுள் டாட் காம் முகவரி, சாய்கோடு, சர்ச், கேள்விக்குறி, க்யூ, சமக்குறி, சதவீதக்குறி, எஸ், 'அண்ட்' குறி, யு டி எம், சமக்குறி, 14. நடுவே எங்கும் இடைவெளி வேண்டாம்.

சதவீதக்குறியும் எஸ்ஸும் சேர்ந்த இடத்தில்தான் நீங்கள் தேடும் சொல் போய் உட்காரும். கடைசியில் வரும் 14 தான் 'வெப்' பிரிவைத் திறக்கிற சாவி. சேமித்த பிறகு பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு டீஃபால்ட் ஆக்கிவிடுங்கள்.

ஃபோனில் குரோமின் செட்டிங்ஸில் இப்படி நாமே ஒன்றைச் சேர்க்க இடமில்லை. ஃபயர்ஃபாக்ஸ் போட்டுக்கொண்டால் ஆண்ட்ராய்டிலும் செட்டிங்ஸில் சர்ச் பகுதிக்குப் போய் இதே முகவரியைச் சேர்க்கலாம். அது சிரமம் என்றால் முதல் படியோடு நில்லுங்கள், பாதகமில்லை.

படி 3: நீங்கள் எழுதிய சொல்லையே தேட வையுங்கள்

எனக்கு இதுதான் பெரிய எரிச்சல். நாம் ஒன்று அடிக்க, 'இவர் இதைத்தான் கேட்டிருப்பார்' என்று அதுவே வேறொன்றைத் தேடுகிறது. முன்பெல்லாம் ஒரு சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டால் அந்தச் சொல் கட்டாயம் இருக்கும் பக்கங்கள் மட்டும் வரும். 2011 அக்டோபரில் கூகுள் அதை எடுத்துவிட்டது. அதன் இடத்தில் இப்போது மேற்கோள் குறிதான்.

பாட்டாவின் தேடலை இப்படி மாற்றினோம். மரச்சீனி என்ற சொல்லின் இரண்டு பக்கமும் இரட்டை மேற்கோள் குறி, பக்கத்தில் குறி இல்லாமல் இலை, மஞ்சள். சீனி தொல்லை அதோடு ஒழிந்தது. ஆனால் விடைகளும் நாலைந்தாகச் சுருங்கிவிட்டன. காரணம் எளிது. மரச்சீனி என்பது நம்ம குமரி மாவட்டத்துப் பேச்சு. வேளாண்மைத் துறைக்காரர்கள் மரவள்ளி என்றுதான் எழுதுவார்கள். கப்பக்கிழங்கு, குச்சிக்கிழங்கு என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதனால் மேற்கோளுக்குள் போட்ட "மரச்சீனி", "மரவள்ளி" இரண்டுக்கும் நடுவே ஆங்கிலத்தில் 'ஆர்' என்ற சொல்லைப் போட்டேன். ஓ, ஆர் என்ற இரண்டு எழுத்தும் பெரிய எழுத்தாக இருக்கவேண்டும். சின்ன எழுத்தில் போட்டால் அதை ஒரு சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொள்ளும்.

தமிழில் தேடுகிறவர்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்று: மேற்கோள் போட்டால் எழுதிய வடிவத்தைத்தான் அது பார்க்கும். "மரவள்ளி" என்று போட்டால் 'மரவள்ளியில்' என்று எழுதியவர் விட்டுப்போகலாம். எனவே நீளமான வாக்கியத்தை மேற்கோளுக்குள் அடைக்காதீர்கள். வேற்றுமை ஒட்டாத மொட்டைப் பெயரை மட்டும் போடுங்கள், போதும்.

வேண்டாததைத் தள்ளக் கழித்தல் குறி. குறியை ஒட்டியே சொல் வரவேண்டும்: -சர்க்கரை. நடுவே ஒரு இடைவெளி விட்டாலும் வேலை செய்யாது.

பாட்டாவுக்குக் கிடைத்த விடை இதுதான்: அது தேமல் நோய். வைரஸால் வருவது, வெள்ளை ஈ பரப்புவது, மருந்தடித்துக் குணப்படுத்த முடியாது. நோய் கண்ட செடியைப் பிடுங்கிவிட்டு, அடுத்த நடவுக்கு நல்ல செடியிலிருந்து கம்பு எடுக்கவேண்டும். மரச்சீனி மாதிரிக் கிழங்குகளுக்கென்றே மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கிறது. அதன் இணையதளம் அந்த முதல் தேடலில் எவ்வளவு தள்ளியும் வரவில்லை.

படி 4: அரசு வேலையா? தளத்தைக் குறித்துத் தேடுங்கள்

பட்டா, சிட்டாவை அரசின் இணையதளத்தில் பார்க்கக் காசு கிடையாது. இருந்தும் கடைக்கு வந்த ஒரு அக்கா, தேடலில் முதலில் வந்த ஏதோ ஒரு பக்கத்தில் 250 ரூபாய் கட்டிவிட்டு, "ரசீது வரல அண்ணா" என்று நின்றார். பக்கத்தைப் பார்த்தால் கோபுரச் சின்னம்கூட இருக்கிறது. முகவரிதான் காட்டிக்கொடுத்தது.

இந்தியாவில் 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும் முகவரி அரசுக்கு மட்டும்தான். 'என்ஐசி டாட் இன்' என்பதும் அப்படித்தான். 'கோ டாட் இன்', 'ஓஆர்ஜி டாட் இன்', வெறும் 'டாட் இன்' எல்லாம் பணம் கட்டினால் யாருக்கும் கிடைக்கும். ஆகவே தேடும் சொல்லுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் 'சைட்', முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன் என்று சேருங்கள். தமிழ்நாடு அரசின் பக்கங்கள் மட்டும் வரும்.

ஒரு சிக்கல் உண்டு. நம்ம மாவட்டத்தின் அதிகாரப்பூர்வத் தளம் 'என்ஐசி டாட் இன்' என்று முடிகிறது, அதனால் மேலே சொன்ன முறையில் அது வராது. இன்னொன்று, அதில் ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் நாம் கடைப்பலகையில் பார்ப்பது இல்லை. 'என்' இரண்டு, அதன்பின் 'ஐ': கன்னியாகுமரி என்று தமிழில் சொல்வதற்கு ஏற்ற மாதிரி. ஒருமுறை சரியாகத் திறந்து புக்மார்க் செய்துவிட்டால் பிறகு தேடவே வேண்டாம்.

வங்கி, கேஸ், கூரியர் கஸ்டமர் கேர் நம்பரை மட்டும் தயவுசெய்து தேடி எடுக்காதீர்கள், ஏஐ கட்டம் சொன்னாலும் சரி. ஏடிஎம் அட்டையின் பின்பக்கமோ பாஸ்புக்கோ பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

படி 5: பழைய செய்தி வேண்டுமென்றால்

2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலைப் பற்றி ஒரு கல்லூரி மாணவிக்குச் செய்தி தேவைப்பட்டது. சும்மா தேடினால் போன வருடம் எழுதியதுதான் மேலே நிற்கிறது. தேடும் சொல்லின் பின்னால் ஆங்கிலத்தில் 'பிஃபோர்', முக்காற்புள்ளி, 2018-02-01 என்று சேர்த்தோம். புயல் நாட்களில் எழுதியவை வந்தன. 'ஆஃப்டர்' போட்டால் அந்தத் தேதிக்குப் பிந்தியது வரும். இங்கேயும் எழுத்துக்கூட்டல் தகராறுதான்: ஒக்கி, ஓகி, ஓக்கி என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். மூன்றையும் 'ஆர்' போட்டுத் தேடினால்தான் முழுதாகச் சிக்கும்.

கூகுளே வேண்டாம் என்கிறவர்களுக்கு டக்டக்கோ இருக்கிறது. அதன் செட்டிங்ஸில் ஏஐ பதிலை நிறுத்திவைக்கலாம். ஆங்கிலத்தில் தேட நன்றாகவே இருக்கிறது. தமிழில் தேடும்போது எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை, அதனால் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

பாட்டாவுக்கு இதையெல்லாம் ஒரு அரைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "லேமினேஷன் பண்ணித் தா மக்கா, மழையில நனையும்" என்றார். பண்ணிக் கொடுத்தேன். இருபது ரூபாய்.