பழைய ரேஸ் ஸ்டீயரிங் வீல்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ரேஸ் கார் ஸ்டீயரிங் சேகரிக்க ஆரம்பிப்பவர்கள் முதலில் ஏமாறுவது நடுவில் இருக்கும் ஹார்ன் பட்டனைப் பார்த்துத்தான். மஞ்சள் வட்டத்தில் ஃபெராரியின் துள்ளும் குதிரை தெரிந்தால் போதும், மற்ற எதையும் பார்க்கத் தோன்றாது. ஆனால் பெரும்பாலான வீல்களில் அந்தப் பட்டன் லேசாக நெம்பினாலே கையோடு வந்துவிடும். தனியாகவும் விற்கிறார்கள். சாதாரணக் காரில் கழற்றிய வீலில் அதை அழுத்தி வைக்க அரை நிமிடம் கூட ஆகாது. அதனால் பட்டனை விட்டுவிட்டு வீலைத் திருப்பிப் பிடியுங்கள். விஷயமெல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

இத்தாலிய ஸ்டீயரிங் கம்பெனியான மோமோவின் வீல்கள் பலவற்றில் ஸ்போக்கின் (நடுவையும் வளையத்தையும் இணைக்கும் கை) பின்னால் மாதமும் ஆண்டும் அச்சடித்திருக்கும். ‘6-84’ என்றால் 1984 ஜூன். பக்கத்தில் ‘கேபிஏ’ என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இருந்தால், அது சாலையில் ஓட்டுவதற்கு ஜெர்மன் வாகன ஆணையம் தந்த அனுமதி எண். அதை வைத்து மட்டும் இது ரேஸில் ஓடாத வீல் என்று முடிவுகட்ட வேண்டாம். கடையில் விற்ற அதே வீலை மாட்டி ஓட்டிய பந்தயக்காரர்கள் நிறையப் பேர். ஆனால் ‘1972ல் ரேஸில் ஓடியது’ என்று சொல்லி விற்கும் வீலின் முதுகில் 84 என்று இருந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கம்பெனியின் வயதைப் பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. பந்தயக்காரர் ஜியான்பியரோ மொரெட்டி தன் காருக்காகச் செய்த ஸ்டீயரிங் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஜான் சர்டீஸுக்குப் பிடித்துப்போய், அவர் ஃபெராரியில் சாம்பியனான 1964ஐ ஒட்டித்தான் மோமோவின் கதையே தொடங்குகிறது. இன்னொரு இத்தாலியக் கம்பெனியான ஸ்பார்கோ தொடங்கியது 1977ல். ஆக, ‘1950களின் மோமோ’ என்று ஒன்று இருக்க வழியில்லை. கியர் மாற்றும் பேடில் (வீலின் பின்னால் விரலால் இழுக்கும் தகடு) வைத்த ஃபார்முலா ஒன் வீல் என்றாலும் இதே கணக்குதான். அது பந்தயத்துக்கு வந்தது 1989ல், ஃபெராரி 640 காரில்.

போல்ட் துளைகளையும் அளந்து பாருங்கள். மோமோ, ஸ்பார்கோ, ஓஎம்பி வீல்களில் ஆறு துளைகள் 70 மி.மீ. வட்டத்தில் இருப்பதுதான் வழக்கம். நார்டி, பர்சனல் கம்பெனிகளின் வீல் என்றால் 74 மி.மீ. மிகப் பழையவற்றில் வேறு அளவுகளும் வரும். துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இழுபட்டிருந்தால், பொருந்தாத ஹப்பில் (வீலை ஸ்டீயரிங் தண்டோடு இணைக்கும் பாகம்) மாட்டுவதற்காக யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீலை நான் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

தேய்மானத்திலும் ஏமாற்று உண்டு. நார்டியும் மோமோவும் தங்கள் பழைய வடிவங்களை இன்றும் செய்கிறார்கள். அது போலி இல்லை, பழசும் இல்லை. அப்படியொரு புது வீலை உப்புத்தாளால் தேய்த்து வயசாக்கினால், தேய்மானம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கும். பூதக்கண்ணாடியில் இணைகோடுகளும் தெரியும். ஓட்டிய வீல் அப்படித் தேயாது. கை பிடித்த இரண்டு இடங்களில் வார்னிஷ் போயிருக்கும், விரல் பதிந்த பின்புறம் வழவழப்பாக இருக்கும், கை படாத அடிப்பகுதியில் பழைய மெருகு அப்படியே மிஞ்சும்.

இன்ன ஓட்டுநர் பிடித்தது என்று கடிதம் காட்டினால், கடிதத்தை விடப் படத்தை நம்புங்கள். மர ரேகை கைரேகை மாதிரி, இரண்டு வீலில் ஒரே மாதிரி அமையாது. தோல் உறையில் தையல் கோணிய இடமும் அப்படித்தான். அந்தக் காலத்துப் படத்தோடு இவை ஒத்துப்போனால் சரி. ‘அந்தக் காரில் இருந்தது’ என்பது மட்டும் போதாது. 1989 பிரேசில் பந்தயத்தில் ஃபெராரி ஓட்டுநர் நைஜல் மான்செல் நடுவில் பிட்டுக்கு (டீம் காரைக் கவனிக்கும் இடம்) வந்து ஸ்டீயரிங்கையே மாற்றிக்கொண்டு போய் ஜெயித்தார். ஒரே பந்தயத்தில் இரண்டு! அப்புறம், கண்காட்சிக் கார்களுக்கென்று டீம்களே செய்யும் வீல்களும் சந்தையில் சுற்றுகின்றன. பட்டன்கள் இருக்கும், உள்ளே ஒயர் இருக்காது.

வாங்கிய கையோடு பளபளப்பாக்கத் துடிப்பது பெரிய கெடுதல். மரத்தைச் சுரண்டி வார்னிஷ் அடித்தாலோ, கறுப்பு அனோடைஸ் பூச்சை எடுத்துவிட்டு அலுமினியத்துக்குப் பாலீஷ் போட்டாலோ, எதைக் காட்டி அதன் வயதை நிரூபிப்பீர்கள்? ஈரத் துணியால் கூட அல்ல, உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். வெயில் படாமல் வையுங்கள்.

அதைக் காரில் மாட்டும் ஆசை வந்தால், முதலில் ரிவெட்டுகளைச் சுற்றி மரம் வெடித்திருக்கிறதா, பசை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கையாலும் பிடித்து லேசாக முறுக்கும்போது ‘டக்’ என்று சத்தம் வந்தால் அது சுவருக்கு மட்டுமே.