கால் வளையும் வாத்துக் குஞ்சு: தண்ணீரைத் திட்டுவதற்கு முன்

தருமபுரிப் பக்கம் யாருக்காவது கால் வளைந்திருந்தால் "எல்லாம் இந்தத் தண்ணி பண்ற வேலை" என்று சொல்லி முடித்துவிடுவோம். நிலத்தடி நீரில் கலந்து எலும்பை வளைக்கும் ஃபுளோரைடு நமக்கு அவ்வளவு பழகிய சங்கதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தானே. சந்தையில் வாங்கி வந்த ஆறு வாத்துக் குஞ்சுகளில் இரண்டு, மூன்றாவது வாரத்தில் உட்கார்ந்துவிட்டபோது எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வைத்தோம். ஒன்றும் மாறவில்லை.

குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கண் தெளிவாக இருந்தது, பசியும் இருந்தது. கால் மூட்டுகள் மட்டும் வீங்கி, இரண்டு காலும் வில் போல வெளிப்பக்கம் வளைந்திருந்தன. கீழே விட்டதும், தட்டை எட்டுவதற்காக முளைத்தும் முளைக்காத இறக்கைகளை ஊன்றுகோல் மாதிரி தரையில் ஊன்றி நகர்ந்தது. கால்நடை மருத்துவர் காலைத் தொடுவதற்கு முன்பே, "என்ன தீனி போடுறீங்க?" என்றார். களி, குருணை, கொஞ்சம் கோழித் தீவனம் என்றேன். "அதான்" என்றார்.

வாத்தையும் கோழியையும் ஒன்றாக நினைப்பதுதான் இதில் பெரிய தவறு. நியாசின் என்கிற வைட்டமின் பி3 இரண்டுக்கும் தேவை, அது பற்றாமல் போனால்தான் கால் இப்படி வளையும். ஆனால் கோழி, புரதத்தில் இருக்கும் டிரிப்டோபான் என்ற பொருளிலிருந்து நியாசினை ஓரளவு தானே தயாரித்துக்கொள்ளும். வாத்துக்கு அந்தத் திறமை குறைவு. அதனால் வாத்துக் குஞ்சின் தீவனத்தில் கிலோவுக்குச் சுமார் 55 மில்லிகிராம் நியாசின் இருக்க வேண்டும். கூஸ் என்று விற்கிறார்களே, அந்தப் பெரிய வாத்தின் குஞ்சுக்கு முதல் நான்கு வாரம் 65 வரை வேண்டும். கோழிக் குஞ்சுக்கோ 30, 35 போதும். அந்தக் கணக்கில் தயாரான தீவனத்தை மட்டும் நம்பினால் வாத்துக்குப் பற்றாமல் போகலாம்.

நம் வீட்டுத் தீனி அதைவிட மோசம். கேழ்வரகைக் குறை சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. சுண்ணாம்புச் சத்து அதில் ஏராளம். ஆனால் நியாசின் என்று வந்தால் கேழ்வரகும் சரி, பச்சரிசிக் குருணையும் சரி, கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டாது. மக்காச்சோளத்தில் இருப்பதில் பெரும்பகுதி கட்டுண்டு கிடப்பதால் குஞ்சின் உடம்பில் சேராது. தவிட்டில் ஏராளம் இருந்தாலும் அங்கேயும் இதே சிக்கல்தான். போதாததற்குத் தவிடு சீக்கிரம் சிக்கடிக்கும். சிக்கடித்த கொழுப்பு வைட்டமின் ஈ-யை அழித்துவிடும். முகர்ந்து பார்த்துக் காறல் வாசனை வந்தால் அந்த மூட்டை வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? வாத்துக்கென்றே தயாரித்த குஞ்சுத் தீவனம் கிடைத்தால் கவலையில்லை. கிடைக்காவிட்டால் மருந்து கலக்காத கோழிக் குஞ்சுத் தீவனத்தோடு, கிலோவுக்குச் சுமார் 50 கிராம் புரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்டை உலர்த்தியது) தூளைக் கலக்கலாம். இது பேக்கரிக் கடை ஈஸ்ட் அல்ல. அது உயிரோடு இருப்பது, வயிற்றுக்குள் போய்ப் பொங்கும். ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட குஞ்சுக்குத் தீவனத்தை மாற்றினால் மட்டும் போதாது, மருத்துவர் சொல்லும் அளவில் பி-காம்ப்ளக்ஸ் கொடுக்க வேண்டும். எங்கள் இரண்டில் ஒன்று பத்து நாளில் எழுந்து ஓடியது. இன்னொன்று இன்றைக்கும் சாய்ந்துதான் நடக்கிறது. எலும்பு வளைந்து இறுகிவிட்டால் சத்தால் அதை நிமிர்த்த முடியாது.

அந்த மருந்தைக் கொடுப்பதிலும் நான் கோட்டை விட்டேன். வாத்து தண்ணீரைக் குடிப்பதோடு விடாது, தலையை முக்கும், சேற்றைக் கரைக்கும், முடிந்தால் இறங்கிக் குளிக்கும். மஞ்சள் மருந்தை அகலப் பாத்திரத்தில் கலந்து வெயிலில் வைத்தேன். முக்கால்வாசி தரைக்குப் போனது. அதில் இருக்கும் பி2 வேறு வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும். தலை மட்டும் நுழைகிற அளவுக்கு மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில், நிழலில், அன்றன்றைக்குக் கலந்து வைப்பதுதான் சரி.

கடலைப் புண்ணாக்கில் நியாசின் நிறைய உண்டு, நம் பக்கம் மலிவாகவும் கிடைக்கும். கை அதற்குத்தான் போகும். போக விடாதீர்கள். ஈரம் பட்ட புண்ணாக்கில் வளரும் பூஞ்சை, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சுக்குச் சீக்கிரம் பலியாகும் உயிர்களில் வாத்துக் குஞ்சும் ஒன்று. 1960-இல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்று வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது வாத்துக் குஞ்சுகளும் செத்தன. அந்த நஞ்சைக் கண்டுபிடித்ததே அப்போதுதான். வாங்கிய அன்று நன்றாக இருந்த புண்ணாக்கு, மழைக்காலத்தில் பத்தே நாளில் மாறிவிடும்.

கிருஷ்ணகிரி அணைப் பக்கம் இருப்பவர்கள் மீன் கழிவைப் பச்சையாகப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். கெண்டை வகை மீன்கள் பலவற்றில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அதையே தினமும் போட்டால், கழுத்தைப் பின்னால் வளைத்து வானத்தைப் பார்க்கிற நிலைக்குப் பறவை வந்துவிடலாம். வேகவைத்துப் போட்டால் அந்த நொதி அழிந்துவிடும்.

வயலில் மேயும் வாத்துக் கூட்டத்துக்கு நத்தை, புழு, பூச்சி, பாசி, வெயில் எல்லாம் தானாகக் கிடைக்கும். அவற்றை மேய்ப்பவர்கள் யாரும் வைட்டமின் பாட்டில் வாங்குவதில்லை. ஓசூர் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில், கண்ணாடிக்குப் பின்னால் வளரும் வாத்துக்கு இதில் ஒன்றுமே கிடையாது. கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வைட்டமின் டி உண்டாகாது. தினமும் கொஞ்ச நேரமாவது திறந்த வெளியில் விட வேண்டும். வைட்டமின் ஏ-க்கு முருங்கைக்கீரை போதும், பொடியாக நறுக்கித் தண்ணீரில் மிதக்க விட்டால் போட்டி போட்டுத் தின்னும். அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடியை வளர்த்தால் இன்னும் வசதி. இதற்கெல்லாம் சோம்பல்பட்டு ஏ, டி சொட்டு மருந்தை இஷ்டத்துக்கு ஊற்றாதீர்கள். பி வகை மிஞ்சினால் பெரும்பாலும் எச்சத்தோடு போய்விடும், இவை இரண்டும் உடம்பிலேயே தங்கி நஞ்சாகும்.

கூஸ் என்கிற பெரிய வாத்து வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குஞ்சின் இறக்கை நுனி விசிறி மாதிரி வெளியே திரும்பினால், அது பெரும்பாலும் கொழுத்த தீனியால், வேக வேகமாக வளர்வதால் வருவது. ரொட்டியும் சோறும் நிறுத்திப் புல்லில் மேய விடுங்கள். திரும்பிய நாலைந்து நாளுக்குள் இறக்கையை மடித்து மெல்லிய துணிப்பட்டையால் கட்டினால் பெரும்பாலும் நேராகிவிடும். வளர்ந்த பிறகு வந்து கேட்டால் மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது.